2021 டாடா நெக்ஸான் இவி (மின்சாரக் கார்), 58,000 கி.மீ., 7.75 லட்சம் சொல்றாங்க: வாங்கலாமா?

பொள்ளாச்சி இளநீர் | திங்கள் காலை

வணக்கமுங்க. ஒரு வாரமா மண்டையைக் குடையுற விஷயம், இங்கேயே கேட்டுடலாம்னு வந்துட்டேன்.

வீடு பொள்ளாச்சி, வேலை பீளமேடு. போக வர 85 கிலோமீட்டர், ஞாயிறு தவிர தினமும். இப்ப ஓட்டுறது 2013 ஸ்விஃப்ட் டீசல். டர்போ விசிலடிக்க ஆரம்பிச்சிருச்சு, மெக்கானிக் முப்பதாயிரம்னு எஸ்டிமேட் நீட்டிட்டாரு. அதுல காசைப் போடறதுக்கு வண்டியவே மாத்திடலாமேன்னு யோசனை.

கோயமுத்தூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் ஷோரூம்ல 2021 மார்ச் நெக்ஸான் இவி நிக்குது. 30.2 யூனிட் (கிலோவாட் அவர்) பேட்டரி, சிங்கிள் ஓனர்ங்கறாங்க. பேட்டரி ஹெல்த் 97 சதவீதம்னு ஒரு பிரிண்ட் அவுட் காட்டினாங்க. ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிட்டுப் போகுது.

சொந்த வீடு, போர்ட்டிகோ இருக்கு. மாசம் ஒருக்கா மதுரைல மாமியார் வீடு, எப்பவாவது வால்பாறை. வீட்ல "பேட்டரி போச்சுன்னா அஞ்சு லட்சமாமே"ன்னு ஒரே கேள்வி. எனக்கும் அந்த உதறல் இருக்கு. அனுபவஸ்தங்க சொல்லுங்க.

டீசல் ராசா | திங்கள் காலை

ஓடுற வண்டிக்கு முப்பதாயிரம் செலவு பண்ண யோசிக்கிற ஆளு, முன்பின் தெரியாத பேட்டரிக்கு ஏழே முக்கால் லட்சம் குடுக்கப் போறாராம். டர்போவை மாத்திட்டுப் பேசாம ஓட்டுங்கண்ணே. மதுரைக்கு வர்றப்ப நம்ம கடைல டீ சாப்பிடலாம், திண்டுக்கல்ல சார்ஜருக்கு லைன்ல நிக்க வேண்டாம்.

பச்சை நம்பர் | திங்கள் மதியம்

சேலத்திலிருந்து. இதே 30.2 வண்டி என்னிடம் இருக்கிறது, 2020 கடைசியில் புதிதாக எடுத்தது.

முதலில் ரேஞ்ச். கம்பெனி சொன்னது 312 கிலோமீட்டர். அதைச் சோதனைக்கூடத்தோடு மறந்துவிடுங்கள். ஏசி போட்டு, ஊரும் ஹைவேயும் கலந்து ஓட்டினால் 200 முன்னே பின்னே. நூறில் விரட்டினால் 170. உங்கள் 85-க்கு இது தாராளம், இரவு வீட்டில் சொருகிவிட்டால் காலையில் டாங்கி ஃபுல். பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக மதுரை சுமார் 190 கிலோமீட்டர் வரும். எழுபது எண்பதில் போனால் இழுத்துப் பிடித்துச் சேரலாம், ஆனால் மாமியார் வீட்டுக்கு வியர்வையோடு போய் இறங்குவானேன்? திண்டுக்கல்லில் அரை மணி நிறுத்தி ஏற்றிக்கொள்ளுங்கள்.

வால்பாறையைப் பற்றிப் பயப்படாதீர்கள். நான்கு பேரோடு அந்த வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் ஏறக் கூடுதலாகச் சுமார் 5 யூனிட் தின்னும். 40 கொண்டை ஊசியும் இறங்கி ஆழியாறு வருவதற்குள் அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே திரும்பிவிடும். பிரேக் ஷூ வாசனையும் வராது.

அந்த 97 சதவீதப் பேப்பரைப் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன். அது கொஞ்சம் பெரிய கதை.

அடையாறு நாலாம் மாடி | திங்கள் மதியம்

சொந்த போர்ட்டிகோ என்று படித்ததும் பொறாமையாக இருக்கிறது. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் போட அசோசியேஷனில் மனு கொடுத்து, அது மீட்டிங்கிலிருந்து மீட்டிங்குக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பிளக் இல்லாதவன் இவி வாங்கக் கூடாது. எல்லாவற்றையும் வெளியே ஏற்றினால் யூனிட்டுக்கு இருபது ரூபாய் முன்னே பின்னே, ஜிஎஸ்டி தனி. சேமிப்பெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்று, பழைய இவி-க்கு இப்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி. 7.75-க்கு மேல் ஒன்றேகால் லட்சத்துக்கும் கூட எடுத்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள் மாலை

//7.75-க்கு மேல் ஒன்றேகால் லட்சத்துக்கும் கூட//

அப்படி இல்லை. 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலின் ஜெய்சால்மர் கூட்டத்தில் முடிவானது இது: பதிவு பெற்ற வியாபாரி பழைய மின்காரை விற்றால், அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீதம். 7 லட்சத்துக்கு வாங்கி 7.75-க்கு விற்றால் வரி 75,000 ரூபாய்க்குத்தான், அதாவது 13,500. அதையும் பெரும்பாலும் சொன்ன விலைக்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஒன்றுமே கிடையாது. அந்தக் கூட்டம் முடிந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி இன்னும் சாகவில்லை போலும்.

இனி ஓட்டும் செலவு. இங்கே எல்லோரும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று அடித்துவிடுகிறார்கள். நம் ஊர் கரன்ட் பில் படிக்கட்டு மாதிரி, மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். இவி தின்னும் யூனிட் முழுக்க உச்சிப் படிகளில்தான் உட்காரும்.

பொள்ளாச்சி நண்பருக்கு மாதம் 2,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைத்தால், இரண்டு மாத ரீடிங்கில் 620 யூனிட் ஏறும். வீட்டுக்கு ஏற்கெனவே 350 ஓடுகிறது என்றால் மொத்தம் 970. 500-ஐத் தாண்டியதும் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9-க்கு மேல், 800-க்கு மேலே 10-க்கும் மேல். போதாததற்கு 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த சலுகையிலும் கொஞ்சம் கழன்றுவிடும். கூட்டிப் பார்த்தால் கார் ஒன்றுக்காக மட்டும் இரண்டு மாதத்துக்கு 5,700 ரூபாய் சொச்சம். கிலோமீட்டருக்கு 1.40 அல்லது 1.45.

ஸ்விஃப்ட் டீசல் லிட்டருக்கு 20 கொடுத்தால், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்து, கிலோமீட்டருக்கு 4.65. மாதம் 9,300. இவி-க்கு மாதம் 2,850. மிச்சம் 6,400 சுமார். நல்ல தொகைதான், ஆனால் ஷோரூமில் சொல்லும் "மாசம் பத்தாயிரம் மிச்சம் சார்" என்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பத்தாயிரம்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் கணக்கே மாறும். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 78,000 மானியம். நாளைக்குச் சராசரி 12 யூனிட் வரும், அது கார் தின்பதை ஏறக்குறைய அப்படியே கழித்துவிடும். வண்டி பகலில் பீளமேட்டில் நிற்குமே என்று கவலை வேண்டாம், பகலில் லைனுக்குப் போன யூனிட்டை இரவு இழுப்பதில் கழிக்கும் நெட் மீட்டர் அதற்குத்தான்.

டீசல் ராசா | திங்கள் மாலை

கணக்குப்பிள்ளை ஐயா பேட்டரி தேய்மானத்தைக் கணக்குல சேர்க்கவே இல்லையே!

கணக்குப்பிள்ளை | திங்கள் மாலை

தம்பி டர்போவைச் சேர்க்கவில்லை, டைமிங் செயினைச் சேர்க்கவில்லை, இன்ஜின் ஆயிலைச் சேர்க்கவில்லை. சரிக்குச் சரி.

கொடிகாமம் | திங்கள் இரவு

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். பழைய மின்சாரக் கார் எண்டா எங்கட ஆக்களுக்கு நல்ல அனுபவம். 2014, 2015 காலத்தில யப்பானில பாவிச்ச நிசான் லீஃப் இஞ்ச கனக்க வந்திறங்கினது. மலிவு, வரியும் குறைவு, எல்லாரும் பாய்ஞ்சு விழுந்து வாங்கினவை.

லீஃபில பற்றறியைக் குளிர்விக்கிறதுக்கெண்டு தண்ணியோ ஃபேனோ ஒண்டும் இல்லை. யப்பான் குளிருக்கு அது போதும். எங்கட வெயிலுக்கு? டாஷ்போர்டில பன்னிரண்டு கோடு இருக்கும், முதல் கோடு விழேக்கயே பதினைஞ்சு வீதம் போயிட்டுது எண்டு அர்த்தம். அமெரிக்காவில அரிசோனாப் பாலைவனப் பக்கம் 2012லயே இதே முறைப்பாடு வந்து, பிறகுதான் கம்பனி கொள்ளளவுக்குத் தனி உத்தரவாதம் குடுத்தது.

நான் சொல்ல வாறது லீஃபைக் குறை சொல்ல இல்லை. பழைய மின்கார் பாக்கேக்க முதல் கேள்வி, பற்றறி எப்பிடிக் குளிருது எண்டதுதான். நீங்கள் சொல்லுற நெக்ஸான் கூலன்ட் ஓடுற பற்றறி, அதால அந்தப் பயம் பெரிசா வேண்டாம். ஆனா கூலன்ட் அளவைப் பாருங்கோ, குழாய் மூட்டில கசிவு இருக்கோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. ஒருத்தரும் பாக்கிறேல்லை.

பச்சை நம்பர் | திங்கள் இரவு

கொடிகாமம் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. இப்போது அந்த 97.

அது வண்டியின் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். பரீட்சை எழுதியவனே திருத்தியது. நெக்ஸானில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல். அதன் வோல்டேஜ் எண்பது சதவீதத்திலும் நாற்பது சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். எங்கே நிற்கிறோம் என்று சிஸ்டத்துக்கே சரியாகத் தெரியாது. மெதுவாக நூறு வரை ஏற்றும்போதுதான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வெறும் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே எண்பது வரை ஏற்றி ஓட்டிய வண்டியில் அந்த எண் கதை விடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் இரவு ஸ்லோ சார்ஜில் நூறு வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் எடுத்து ஓட்டுங்கள், சும்மா பத்து நிமிடம் அல்ல, 15 சதவீதத்துக்கு வரும்வரை. மட்டமான செல் ஒன்றிருந்தால் அது நடுவில் நல்ல பிள்ளையாக இருக்கும், இருபதுக்குக் கீழேதான் குணம் காட்டும்: 18 என்று காட்டிக்கொண்டிருப்பது திடீரென்று 9-க்குக் குதிக்கும், ஆமை விளக்கு எரியும், பவர் குறையும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் ஒன்று சொருகி, செல்களுக்குள் வோல்டேஜ் வித்தியாசத்தையும் இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிறகு அப்படியே ஒரு டிசி (ஃபாஸ்ட்) சார்ஜருக்குப் போய் 90 வரை ஏற்றுங்கள். ஆப்பில் வரும் ரசீதில் எத்தனை யூனிட் ஏறியது என்று இருக்கும். 15-லிருந்து 90 என்றால் 75 சதவீதம், புதிய பேட்டரிக்கு 22.6 யூனிட் ஏற வேண்டும். 20.5 ஏறினால் சுமார் 90 சதவீதம் உயிர் இருக்கிறது. 18-தான் ஏறியது என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த மீட்டர் சார்ஜர்க்காரனுடையது, விற்பவனுக்கு அதில் கை வைக்க வழியில்லை.

எர்த் கம்பி | செவ்வாய் காலை

நல்ல டெஸ்ட். கார் ஏசி போடாம ஏத்துங்க, போட்டா ஏறுற யூனிட்ல அதுவும் சேந்துக்கும்.

அடையாறு நாலாம் மாடி | செவ்வாய் காலை

சென்னை வண்டியா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பாலிஷ் போட்டுக்கொண்டு வெளியூர் போய்விட்டன. பேட்டரி பாக்ஸ் ஐபி67 என்பார்கள், அது கொஞ்ச நேரம் தண்ணீரில் முங்கினால் தாங்கும் என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் சாக்கடையில் ஊறினால் கனெக்டர் பச்சை பூத்துவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே இருப்பதைத்தான் துடைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் மதியம்

இத்தனை பேர் பேட்டரியைப் பார்த்தாயிற்று, பேப்பரை யாரும் பார்க்கவில்லை. "அஞ்சு லட்சமாமே" என்கிற கேள்விக்கு விடை பேப்பரில்தான் இருக்கிறது.

இந்த மாடலுக்குப் பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலோ அது. 2021 மார்ச் வண்டிக்கு 2029 மார்ச் வரை ஓடும். நீங்கள் கொடுக்கும் 7.75 லட்சத்தில் கணிசமான பங்கு அந்த மிச்ச வருடங்களுக்கான விலை. எனவே அது உயிரோடு இருக்கிறதா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: எல்லா சர்வீஸும் விடாமல் நடந்திருக்கிறதா, பேட்டரியோ மோட்டாரோ ஏற்கெனவே மாற்றப்பட்டதா, வாரன்டியை உங்கள் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும். பதிலை மெயிலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு கவைக்குதவாது.

இன்ஷூரன்ஸ் பாலிசி இந்த வருடத்தது மட்டும் போதாது, பழைய நகல்களையும் கேளுங்கள். கிளெய்ம் போயிருந்தால் தெரியும். வேறு சிலதும் தெரியும்.

பொள்ளாச்சி இளநீர் | வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றிங்க. ஒவ்வொண்ணா செஞ்சேன். கதை வேற பக்கம் போயிருச்சு.

15 சதவீதம் வரைக்கும் ஓட்டணும்னதும் ஷோரூம் தம்பிக்கு முகம் மாறிருச்சு, "பாலிசி இல்லீங்க சார்"ன்னுட்டான். சரி, பழைய இன்ஷூரன்ஸ் நகல் குடுங்கன்னேன். ரொம்ப நேரம் தேடிட்டு 2022 பாலிசி ஒண்ணு எடுத்துட்டு வந்தான். அதுல வண்டி வகைங்கிற இடத்துல "பேசஞ்சர் கேரியிங்"னு இருக்குது. ஓனர் பேரு ஒரு டிராவல்ஸ்.

அதாவது டாக்சியா ஓடி, அப்புறம் சொந்த உபயோகத்துக்கு மாத்தின வண்டி. சிங்கிள் ஓனர்ங்கறது பொய்யில்லதான், அந்த ஓனர் யாருங்கறதைச் சொல்லலை!

பச்சை நம்பர் | வியாழன் இரவு

பழைய போட்டோ கிடைத்திருந்தால் பிளேட்டிலேயே தெரிந்திருக்கும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. மாற்றிப் பதிந்தபின் எண் அதேதான், எழுத்தின் நிறம் மட்டும் மாறும்.

டாக்சி என்றாலே தள்ளுபடி என்று சொல்லமாட்டேன், விலை அதற்கேற்றபடி இருந்தால். ஆனால் பகலில் இரண்டு மூன்று முறை ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றிய பேட்டரியாக இருக்கும், வாடகைக்கு ஓடிய வண்டிக்கு வாரன்டி ஷரத்தும் தனியாகப் பார்க்க வேண்டும். 7.75 அதற்கான விலை இல்லை.

டீசல் ராசா | வெள்ளி காலை

நான் அப்பவே சொன்னேன். சரி விடுங்க, இதே காசுக்கு புது டியாகோ இவி வருதேண்ணே, அதைப் பாத்தீங்களா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி காலை

அடடே, டீசல் ராசா இவி சிபாரிசு செய்கிறார், மழை வரும்!

அந்த விலைக்கு வருவது 19.2 பேட்டரி. நிஜ ஓட்டத்தில் 140 கிலோமீட்டர் தாண்டினால் அதிசயம். தினசரி 85-க்குப் போதும், வாரன்டியும் முழுதாகக் கிடைக்கும், நிம்மதிதான். மதுரைக்கு மட்டும் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். வீட்டில் இரண்டாவது கார் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். இவருக்கு இருப்பது ஒன்று.

பேட்டரியை வாடகைக்குக் கொடுத்து கார் விலையைக் குறைத்துக் காட்டும் எம்ஜி விண்ட்ஸர் கார் மாதிரித் திட்டங்கள் மாதம் 2,000 ஓட்டுகிறவருக்கு ஆகாது. கிலோமீட்டர் வாடகை 3.50 என்று ஆரம்பித்தார்கள், கரன்ட் காசைச் சேர்த்தால் உங்கள் டீசலைவிட மேலே போகிறது.

ஒன்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. புது பெட்ரோல் வண்டி விலை இறங்கினால் பழைய இவி விலையும் அதோடு இறங்கும். அவசரம் விற்பவருக்கு, உங்களுக்கல்ல. டர்போவுக்கு முப்பதாயிரம் போட்டால்கூட ஆறு மாதம் பொறுமையாகத் தேடலாம்.

பொள்ளாச்சி இளநீர் | அடுத்த வாரம், ஞாயிறு

ஆறு மாசம் ஆகலைங்க. ஈரோட்டுல ஒரு பேங்க்காரரு, பெங்களூருக்கு மாத்தல். அங்க அப்பார்ட்மென்ட்ல சார்ஜ் போட வழியில்லைன்னு விக்கறாரு (அடையாறு சார், உங்க கட்சி). 2022 பிப்ரவரி, அதே 30.2, 43,000 கிலோமீட்டர். 8.40 சொன்னாரு.

மனுஷன் தங்கமானவரு. நூறு வரைக்கும் ஏத்தி வெச்சு, "வாங்க போலாம்"னு கூடவே உக்காந்துட்டாரு. பெருந்துறை, விஜயமங்கலம், அவிநாசின்னு பைபாஸ்லயே போயிட்டு வந்தோம். 20-க்குக் கீழ வந்தும் ஒவ்வொண்ணாத்தான் இறங்குச்சு, குதிக்கலை. 14-ல டிசில சொருகி 90 வரைக்கும் ஏத்தினதுல 21.2 யூனிட். கணக்குப் போட்டா 92 சதவீதம் சொச்சம் வருதுங்க. சர்வீஸ் பில் வரிசையா ஃபைல் போட்டு வெச்சிருக்காரு, சேசிஸ் நம்பர் வெச்சுக் கேட்டதுக்கு சர்வீஸ் சென்டர்ல இருந்து மெயிலும் வந்திருச்சு: வாரன்டி 2030 பிப்ரவரி வரைக்கும், ஆர்சி மாத்தினதும் நகல் குடுத்தா என் பேருல ஏத்திடுவாங்களாம்.

குறைன்னா டயர் நாலும் மொட்டை. 12 வோல்ட் சின்ன பேட்டரி இன்னும் ஒரிஜினல்தான். அதைக் காட்டி 8.05-க்கு முடிச்சேன். அட்வான்ஸ் குடுத்தாச்சு.

பச்சை நம்பர் | ஞாயிறு

வாழ்த்துகள். அந்தச் சின்ன பேட்டரியை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பெரிய பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தாலும் 12 வோல்ட் செத்தால் வண்டி கதவே திறக்காமல் முரண்டு பிடிக்கும். டயர் வாங்கும்போது கடைக்காரர் தலையில் கட்டுவதை வாங்காதீர்கள், லோ ரோலிங் ரெசிஸ்டன்ஸ் (உருள அதிகம் இழுக்காத வகை) என்று கேட்டு வாங்குங்கள். ரேஞ்சில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு

வங்கிக்காரர் என்றால் லோன் இருந்திருக்கும். ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வங்கிக் கடன் குறிப்பு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தபிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்ஷூரன்ஸையும் அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற இடைவெளியில்தான் எல்லா விபத்தும் நடக்கும்.

பொள்ளாச்சி இளநீர் | ஞாயிறு

சரிங்க ஐயா. கடைசியா ஒண்ணு. போர்ட்டிகோல ஏற்கெனவே ஒரு 15 ஆம்பியர் பிளக் இருக்குது, மோட்டாருக்குப் போட்டது. அதுலயே சொருகலாமா?

எர்த் கம்பி | ஞாயிறு இரவு

சொருகாதீங்க. மோட்டார் அரை மணி ஓடி நின்னுரும். இது ராத்திரி முழுக்க எட்டு ஒம்பது மணி நேரம் 14, 15 ஆம்பியர் விடாம இழுக்கும். அந்த பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் போட்டு, கூடவே வேற பாயின்ட்டும் எடுத்திருப்பாங்க. ரெண்டாவது வாரம் சாக்கெட் பழுப்பா உருகி நிக்கும். நான் கழட்டிப் போட்டது நிறைய.

மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர், நடுவுல எங்கயும் ஜாயின்ட் கூடாது. 20 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினா கட் பண்ற சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா கட் பண்றது). சாக்கெட்டு மாடுலர் வேண்டாம், இண்டஸ்ட்ரியல் டைப் போடுங்க, நூறு இருநூறு ரூபா பாக்காதீங்க. எர்த்து குழி புதுசா அடிச்சிருங்க, பழைய வீட்டு எர்த்தை நம்பாதீங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. காட்டுச்சுன்னா சார்ஜரே செவப்பு லைட்டு போட்டு நின்னுரும், அப்புறம் வண்டியத் திட்டிட்டு உக்காந்திருப்பீங்க.

ஈபி வெள்ளை அட்டைல சேங்ஷன் லோடு (வீட்டுக்கு அனுமதிச்ச மொத்த லோடு) எத்தனை கிலோவாட்டுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. ஏசி, ஹீட்டரோட இதுவும் சேந்து அதைத் தாண்டுச்சுன்னா வண்டி வர்றதுக்குள்ள கூடுதல் லோடுக்கு எழுதிப் போட்டுருங்க.